பழவேற்காட்டுப் பாடும் அறுபதுகளின் தாராளவாதமும்

1960களில் 'லிபரல்' என்ற சொல் உலகின் இரு பக்கங்களில் ஏறத்தாழ எதிரெதிரான பொருள்களில் வழங்கியது. அமெரிக்காவில் லிண்டன் ஜான்சனின் 'மகத்தான சமூகம்' என்ற திட்டத்தை ஆதரித்தவர்கள் லிபரல்கள் எனப்பட்டனர். அரசு மேலும் பல பொறுப்புகளை ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1964இன் சிவில் உரிமைச் சட்டம், 1965இன் வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவை அந்த வாதத்தின் விளைவுகள். அதே ஆண்டுகளில் சென்னையில் தாராளவாதத்தின் முகமாக இருந்தவர் ராஜாஜி. அவர் அரசு விலகி நிற்க வேண்டும் என்றார். 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்ற தொடரை அரசியல் வழக்கில் நிலைநாட்டியவர் அவரே.

தமிழில் இவ்விரண்டையும் 'தாராளவாதம்' என்றே எழுதிவிடுகிறோம். பாடப்புத்தகங்களில் இதனால் விளையும் குழப்பம் சிறிதல்ல. எனினும் ஒரு வகையில் இந்தச் சொல்லொற்றுமை பொருத்தமானதும்கூட. இரண்டும் தனிமனிதனையும் அரசையும் எதிரெதிரே நிறுத்தி, இருவருக்கும் இடையே கோட்டை எங்கே போடுவது என்று வாதிட்டன. இடையில் வேறு எதுவும் இருப்பதாக இரண்டும் பெரிதாகக் கருதவில்லை.

இக்கட்டுரை அந்த விவாதத்தைப் பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் கிராமங்களில் நின்று மதிப்பிடுகிறது. தஞ்சாவூரின் நிலத்தையோ அம்பத்தூரின் தொழிற்பேட்டையையோ வைத்து அறுபதுகளை எழுதியவர்கள் பலர். நீரை வைத்து எழுதியவர்கள் குறைவு. நீரின் மேல் வாழ்பவர்களுக்குப் பட்டா இல்லை. அரசுக்கும் சந்தைக்கும் நடந்த வழக்கில் அவர்கள் எந்தப் பக்கத்துச் சாட்சி என்பதே தெளிவாகவில்லை.

ஏரியும் எல்லையும்

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியின் உப்பு மாறும், இறால் வரத்துக் குறையும், கரையில் அடுப்பெரிவதும் குறையும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்திட்டு ஸ்ரீஹரிகோட்டா.

ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திரத்தில் உள்ளது. பழைய சென்னை மாகாணத்தில் முழு ஏரியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நீரின் மேல் ஒரு கோடு விழுந்தது. படாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் 1959இல் இயற்றப்பட்ட எல்லைச் சட்டம் 1960 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்துக்கு வந்ததை அரசியல் வரலாறு கொண்டாடிப் பதிவு செய்திருக்கிறது. ம.பொ.சி.யின் போராட்டத்துக்கு அது தகும். ஆனால் கரையில் கல் நட்டுக் காட்டக்கூடிய எல்லையை நீரில் காட்ட முடியாது. மீன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று எந்த வலையும் கேட்பதில்லை. இரு மாநில மீனவர்களுக்கிடையே பின்னாளில் மூண்ட தகராறுகளுக்கு இந்தக் கோடு ஒரு காரணம்.

அறுபதுகளின் தமிழகப் பகுதி, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அடங்கியது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் என்று ஏரியை ஒட்டிய ஊர்கள் ஒருபுறம். கடலை நோக்கிய குப்பங்கள் மறுபுறம். பட்டினவர் எனப்படும் மீனவச் சமூகத்தினர் பெரும்பான்மை. ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்து கிடக்கும் இந்த ஊருக்கு, உலகச் சந்தை புதிதல்ல. துணியும் அடிமைகளும் இங்கிருந்து கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது.

பாடு முறை

'பாடு' என்ற சொல்லுக்குத் தமிழில் உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. கடற்கரையில் மீன்பாடு என்றால் அன்றைய வரத்து. பழவேற்காட்டில் அது ஒரு ஆட்சிமுறையின் பெயரும் ஆகும்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் இறால் அதிகம் கிடைக்கும். கழிகளை நட்டுக் கட்டும் சுத்துவலைக்கு அந்த இடங்களே ஏற்றவை. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. வலுத்தவன் மட்டும் கட்டினால் ஊர் இரண்டுபடும். ஆகவே எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முறைவைத்து வகுக்கிறது. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் போக வேண்டும். உரிமை குடும்பத்தலைவர் வழியாக, 'தலைக்கட்டு' என்ற கணக்கில் அமைகிறது. மணமான ஆண் தலைக்கட்டாகி ஊருக்கு வரி கொடுக்கிறார். ஊர் அவருக்குப் பாடு கொடுக்கிறது. முறை மீறியவருக்கு அபராதம், அதையும் மீறினால் விலக்கு.

மேற்சொன்ன மூன்று ஊர்களை மையமாகக் கொண்ட இந்த ஏற்பாட்டை மீன்வள ஆய்வாளர்கள் 1990களிலிருந்து விரிவாக எழுதியுள்ளனர். அதன் சிறப்பு என்று அவர்கள் சுட்டுவது, வாய்ப்பைச் சமமாகப் பிரிப்பதோடு நீரின் மீதான மொத்தச் சுமைக்கும் ஒரு வரம்பு கட்டுவது. வருவாய்த்துறையின் மொழியில் ஏரி அரசின் நீர்ப்பரப்பு. கரையில் பாடு உள்ளவரின் மொழியில் அது ஊரின் சொத்து. இரண்டு மொழிகளும் அக்கம்பக்கமாக நீண்டகாலம் மோதாமல் இருந்தன. காரணம் எளிது: அரசு அந்த நீரிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அறுபதுகளில் அது மாறியது.

சுதந்திராக் கட்சி: உடைமையுள்ளவர்களின் சுதந்திரம்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக அறிவித்தது. அதற்கு எதிர்வினையாக அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜியுடன் மினூ மசானி, என். ஜி. ரங்கா, கே. எம். முன்ஷி ஆகியோர் முன்நின்றனர். 1962இல் மக்களவையில் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் அக்கட்சி வென்றது. இந்தியாவில் தாராளவாதப் பொருளாதாரத்தைக் கொள்கையாக முன்வைத்த ஒரு கட்சி அதற்குப் பிறகு அந்த அளவை எட்டவில்லை.

ராஜாஜியின் விமர்சனத்தில் உண்மை இருந்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் யாரிடம் குவிகிறதோ அவரிடம் ஊழலும் குவியும் என்று அவர் எச்சரித்தார். ஆளுங்கட்சிக்கும் பெருந்தொழிலுக்கும் இடையே வளர்ந்த உறவை அவர் முன்கூட்டியே கண்டார். 1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் என்பதால், அவர் வெறும் ஏட்டுச் சுரைக்காய்ப் பொருளியலாளரும் அல்லர்.

ஆனால் அவர் காக்க நினைத்த சுதந்திரம் எவருடையது? கட்சியின் வாதத்தில் நடுநாயகமாக இருந்தது சொத்துரிமை. 1964இன் 17ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அது எதிர்த்தது, சிறு விவசாயியின் நிலமும் அரசின் கைக்குப் போகும் என்ற காரணத்தைச் சொல்லித்தான். பட்டா உள்ளவருக்கு அந்த வாதம் புரியும். சுத்துவலை கட்டும் ஒருவருக்கு அதில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? அவருக்குள்ள உரிமை ஓர் இடத்தின் மீது நிலையாக உள்ள உரிமை அல்ல. முறைவந்தால் கிடைத்து, முறைபோனால் விடவேண்டிய உரிமை. விற்கவோ அடகுவைக்கவோ முடியாதது. ஊர் இருக்கும்வரை மட்டுமே உள்ளது. தனிச்சொத்தின் இலக்கணத்தில் இதற்கு வேற்றுமை உருபே கிடையாது.

கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்தவர்கள் கூட்டுரிமை என்றாலே அரசு மேலிருந்து திணிப்பது என்று கொண்டார்கள். கீழிருந்து, அரசே இல்லாமல், பல தலைமுறைகளாக இயங்கும் கூட்டுரிமை ஒன்று ராஜாஜி வாழ்ந்த நகரத்திலிருந்து ஒரு நாள் பயணத்தில் போய்வரும் தூரத்தில் இருந்தது. அரசின் தலையீடு வேண்டாம் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. அந்தச் சான்றை எடுத்துக்கொள்ள அவர்களுடைய கோட்பாடு இடம் தரவில்லை.

இன்னொரு சிக்கல் பழையது, ஆனால் இங்கே தவிர்க்க முடியாதது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறக் குழந்தைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். அந்தப் பெயரே நின்றது. குப்பத்துப் பிள்ளைக்கு அதன் பொருள் வெளிப்படையானது: காலையில் பலகை, பகலில் வலை. அரசு மனிதர்களை அவர்கள் போக்கில் விடவேண்டும் என்று 1959இல் சொன்னவர், ஆறாண்டுக்கு முன் ஒரு மீனவச் சிறுவன் எங்கே போகவேண்டும் என்பதை அரசாணையில் எழுத முனைந்தார். மதுவிலக்கில் அவர் காட்டிய உறுதியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ராஜாஜியின் தாராளவாதம் பொருளாதாரத்தில் தொடங்கிப் பொருளாதாரத்திலேயே முடிவது. சமூகத்தில் அவர் மரபைக் காப்பவர். அவரைத் தாராளவாதத்தின் முன்னோடி என்று இன்று எழுதுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவது நேர்மையன்று.

காமராசரின் அரசும் இரண்டு பஞ்சாயத்துகளும்

குலக்கல்வியைக் கைவிட்டதே 1954இல் பதவியேற்ற காமராசர் அரசின் முதல் அடையாளமாயிற்று. 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, புதிய தொடக்கப் பள்ளிகள், கிராமங்களுக்கு மின்சாரம் என்று அடுத்த பத்தாண்டுகளில் அரசு, வரி வசூலிப்பவர் என்ற பழைய உருவத்திலிருந்து மாறிச் சோறும் எழுத்தும் விளக்கும் தருபவராக ஊருக்குள் வந்தது. மீனவக் கிராமங்களில் இதன் எடையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. கடலும் ஏரியும் ஏமாற்றும் மாதங்களில் பிள்ளைக்கு ஒரு வேளை உணவு உறுதி என்பது எந்தக் கோட்பாட்டு விவாதத்தையும்விடப் பெரியது. அரசு விலகி நிற்கட்டும் என்ற வாதம் இக்கரைகளில் பெரிதாக எடுபட வழியில்லாமல் போனதற்கு இதுவே போதிய காரணம்.

மறுபக்கம் ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் அறுபதுகளின் தொடக்கத்தில் பஞ்சாயத்து ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. மீனவ ஊரில் ஏற்கெனவே ஒரு பஞ்சாயத்து இருந்தது. ஆக, ஒரே ஊரில் இரண்டு பஞ்சாயத்துகள். ஒன்று தேர்தலில் வருவது. தெருவிளக்கு, குடிநீர், சாலை அதன் பொறுப்பு. மற்றது ஊர் கூடி அமைப்பது. நீர், வலை, சண்டை, கோயில் அதன் பொறுப்பு. சட்டத்துக்கு முதலாவது மட்டுமே தெரியும். ஊரின் பிழைப்பு இரண்டாவதில் இருந்தது. மீனவர்களை நோக்கி வந்த கடனும் மானியமும் கூட்டுறவுச் சங்கத்தின் வழி வந்ததால், அது மூன்றாவது அமைப்பாயிற்று. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் தலைக்கட்டுப் பட்டியலும் வேறு வேறு கணக்குகள்.

இங்கே அமெரிக்க ஒப்பீடு ஒன்று உதவும். ஜான்சனின் 1964ஆம் ஆண்டுப் பொருளாதார வாய்ப்புச் சட்டம், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஏழைகளே இயன்ற அளவு பங்கேற்க வேண்டும் என்று விதித்தது. உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் போயிற்று. நகர மேயர்கள் சினந்தார்கள். 1967இல் ஒரு திருத்தம் அந்த அமைப்புகளை மீண்டும் உள்ளாட்சிகளின் பிடிக்குள் கொண்டுவர வழிசெய்தது. அந்த முயற்சி அரைகுறையாக முடிந்தது உண்மை. ஆனாலும் மக்களுடைய சொந்த அமைப்புக்கு அரசில் என்ன இடம் என்ற கேள்வியை அது வெளிப்படையாக எழுப்பியது. நம் திட்டக்குழுவின் மொழியில் அந்தக் கேள்வி எழவில்லை. மீன்வளம் என்றால் படகு, இயந்திரம், நைலான் வலை, பனிக்கட்டி ஆலை, கூட்டுறவு என்று அந்த மொழி பட்டியலிட்டது. பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் தேவையானதுதான். யார், எங்கே, எப்போது பிடிப்பது என்பதை ஏற்கெனவே யாரோ ஆண்டுகொண்டிருக்கிறார்கள் என்ற தகவல் மட்டும் அதில் இல்லை.

இறால்: அரசு கூட்டி வந்த சந்தை

அரசா சந்தையா என்ற அறுபதுகளின் வழக்கை மிகத் தெளிவாகத் தள்ளுபடி செய்வது இறாலின் கதை.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இந்தோ-நார்வேத் திட்டம் தொடங்கியது. மீனவரின் வருவாயையும் உள்ளூர் மக்களின் உணவையும் பெருக்குவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். உறைபதன இறாலுக்கு அமெரிக்காவிலும் பிறகு ஜப்பானிலும் கிடைத்த விலை, அந்த நோக்கத்தைப் பின்னுக்குத் தள்ளியது. அறுபதுகளில் இழுவலைப் படகுகள் இறாலைத் தேடிப் பெருகின. பொருளியலாளர் ஜான் குரியன் இந்தத் திருப்பத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சமூக ஜனநாயக நார்வேயின் உதவியும் சோஷலிசம் பேசிய இந்தியத் திட்டமும் சேர்ந்து, ஒரு ஏற்றுமதிச் சந்தையைப் பெற்றெடுத்தன.

1966 ஜூன் 6இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது ஏற்றுமதியாளருக்கு ஒரு டாலருக்குக் கிடைத்த ரூபாய் 4.76இலிருந்து 7.50 ஆக உயர்ந்தது. தில்லியில் அது அவமானம் என்று பேசப்பட்டது. கரையில் அது இறாலின் விலையாக வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையும் இந்தச் சந்தைக்குள் இழுக்கப்பட்டது. முன்பு உள்ளூர்ச் சந்தைக்கும் கருவாட்டுக்கும் போன சரக்குக்கு இப்போது முன்பணத்தோடு வியாபாரி வந்தார்.

பழவேற்காட்டில் இதன் விளைவு நுட்பமானது. பாடு உரிமை பெரிதும் இறாலுக்கான உரிமை. இறால் விலை ஏற ஏற, அந்த உரிமையின் மதிப்பும் ஏறியது. விலை குறைவாக இருந்த நாளில், பாடு இல்லாதவர் ஏரியின் மற்ற பகுதிகளில் வேறு வலைகளோடு பிழைத்துக்கொண்டார். நல்ல இடம் தங்கமான பிறகு, எனக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பிற்காலத்தில் பாடுள்ள ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் இடையே காவல்துறையும் நிர்வாகமும் தலையிடும் அளவுக்கு வளர்ந்த பூசல்களின் விதை இங்கே இருக்கிறது.

சந்தை சுதந்திரத்தைத் தரும் என்றது சுதந்திராக் கட்சி. சந்தையை அரசு அடக்கும் என்றது காங்கிரஸ். நடந்தது வேறு: அரசே படகையும் கடனையும் நாணயக் கொள்கையையும் கொண்டு சந்தையைக் கூட்டிவந்து கரையில் விட்டுப் போனது. வந்த சந்தையை எதிர்கொள்ளும் வேலை ஊர்ப் பஞ்சாயத்தின் தலையில் விழுந்தது. கடலில் நிலைமை இன்னும் மோசம். இழுவலைப் படகுக்கும் கட்டுமரத்துக்கும் இடையே நடந்த மோதல்களுக்குப் பிறகு, 1983இல்தான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையோர மூன்று கடல் மைலை மரபு மீனவருக்கு ஒதுக்கியது. விசைப்படகுக்கு மானியம் தர முடிவெடுத்ததற்கும் அதன் விளைவுக்குச் சட்டம் செய்ததற்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது.

1967: அரிசி

மீனவக் குடும்பம் நெல் விளைப்பதில்லை. அரிசியை விலைக்கு வாங்குகிறது. அறுபதுகளின் நடுவில் வந்த உணவுப் பஞ்சத்தின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த எளிய உண்மை முக்கியம். 1965இல் இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே தொடங்கப்பட்டது. அதே ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம். பக்தவத்சலம் அரசு இரண்டிலும் மக்களை இழந்தது.

1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. வந்தது. அந்தக் கூட்டணியில் சுதந்திராக் கட்சியும் இருந்தது. சட்டமன்றத்தில் 20 இடங்களை வென்றது. அறுபதுகளின் தமிழக அரசியலில் இதைவிட விசித்திரமான காட்சி இல்லை. கட்டுப்பாடுகளை எதிர்த்த கட்சி, அரசே மலிவு விலைக்கு அரிசி தரும் வாக்குறுதிக்குத் தோள் கொடுத்தது. காங்கிரசை வீழ்த்துவதே நோக்கம் என்பதால் கொள்கை ஓரமாக நின்றது என்று சொல்லி முடித்துவிடலாம். அதைவிட ஆழமாக ஒன்று நடந்ததாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் தாராளவாதம் பேசியவர்கள், நலத்திட்ட அரசைச் சுமந்துவந்து வாசலில் இறக்கிவைத்தவர்களில் ஒருவரானார்கள். தாங்கள் கரைந்துபோனார்கள்.

ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நகரத்துக்கு மீன் கொடுக்கும் ஊர், நகரத்தின் அரிசிக்கு வெளியே இருந்தது. திட்டத்தைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்து, பொது விநியோகம் ஊர்தோறும் பரவியதற்கு 1967இன் வாக்குறுதியே தொடக்கம். 1969இல் அமைக்கப்பட்ட சட்டநாதன் குழுவின் வழியே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 சதவீதமாக உயர்ந்ததும் இந்த வரிசையில் வருவது. சோற்றையும் படிப்பையும் உரிமையாக்கிய அரசு அது. நீரின் மேல் உள்ள உரிமையை மட்டும் அதுவும் தொடவில்லை. மீனவர் அதன் கண்ணில் உதவி பெறுபவர். ஒரு வளத்தை ஆள்பவர் அல்லர்.

ஹார்டின், ஆஸ்ட்ரம், இருளர்

1968 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை, பொதுவில் விடப்பட்ட வளம் அழிந்தே தீரும் என்றது. காக்க வேண்டுமானால் தனியாருக்குக் கொடு, அல்லது அரசின் கட்டுப்பாட்டில் வை. அறுபதுகளின் மனம் மொத்தமும் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. எல்லை தெளிவாக, விதி தாங்களே வகுத்ததாக, மீறலுக்குத் தண்டனை படிப்படியாக உள்ள சமூகங்கள் பொதுவளத்தை நீண்டகாலம் காத்திருப்பதை அவர் பல நாடுகளின் சான்றுகளோடு காட்டினார். 2009இல் அதற்கு நோபல் கிடைத்தது. பாடு முறையைப் படிப்பவருக்கு ஆஸ்ட்ரமின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவது தெரியும்.

இந்த இடத்தில் பல கட்டுரைகள் மரபின் பெருமையோடு நின்றுவிடுகின்றன. நிற்கக்கூடாது. ஆஸ்ட்ரம் சொன்ன 'தெளிவான எல்லை' பழவேற்காட்டில் சாதியின் எல்லை. பட்டினவரில் குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கே பாடு. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பரியில் சேர்க்கும் இருளருக்கு அதில் பங்கில்லை. பின்னாளில் மீன்பிடிக்கு வந்த தலித் குடும்பங்களுக்கும் இல்லை. மீனை விற்றுக் காசாக்கி வீட்டை நடத்தும் பெண்களுக்குத் தலைக்கட்டே இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து சமத்துவமாக இயங்கியது, உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும். மூடிய கதவுக்குள் பங்கீடு சரியாக இருக்கிறது என்பதால் கதவு நியாயமாகிவிடாது.

தாராளவாதம் பிறப்பால் வரும் உரிமையை ஏற்பதில்லை என்பது அதன் ஆகச்சிறந்த பகுதி. அமெரிக்க லிபரல்கள் 1964இல் அந்தப் பகுதியைத்தான் சட்டமாக்கினார்கள். உணவகத்தின் கதவையும் பள்ளியின் கதவையும் திறக்க மத்திய அரசின் கை தேவைப்பட்டது. பழவேற்காட்டில் இருளருக்கு ஏரியில் உரிமை வேண்டுமென்றால் அதை ஊர் தானாகத் தராது, அரசுதான் தலையிட வேண்டும். அப்படித் தலையிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டால் பாடு குலையும். பாடு குலைந்தால் நல்ல இடம் வலைவலுவும் பணவலுவும் உள்ளவர் கைக்குப் போகும். கடைசியில் இருளர் இப்போது தடவும் கரைச்சேறும் மிஞ்சாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி உறுப்பினர் வட்டத்தை விரிப்பது, அதோடு முறையையும் காப்பது. அதற்கு அரசு ஊர்ப் பஞ்சாயத்தோடு சட்டபூர்வமாகப் பேசவேண்டும், அதை அங்கீகரிக்கவும் நிபந்தனை விதிக்கவும் வேண்டும். அறுபதுகளின் அரசிடம் அதற்கான சொல்லே இருக்கவில்லை. ராஜாஜியிடமும் இல்லை.

ஸ்ரீஹரிகோட்டா

பத்தாண்டின் இறுதியில் அரசு வேறோர் உருவில் ஏரிக்கு வந்தது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையம் எழுந்தது, அதன் முதல் அலகு 1970இல் இயங்கத் தொடங்கியது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் உற்பத்திக்கு வந்தது. வடக்கே, 1969இல் விக்ரம் சாராபாயின் தலைமையில் நடந்த தேடலில் ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது. கிழக்கே திறந்த கடல், மேற்கே ஏரி, மக்கள் குறைவு: இவை அந்த இடத்தின் சாதகங்கள். 1971 அக்டோபர் 9இல் ரோகிணி 125 ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது.

மக்கள் குறைவு என்பது மக்கள் இல்லை என்பதாகாது. சென்னைக்கு விறகு கொடுத்த சவுக்குத் தோப்புகளுக்கிடையே அங்கே யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்தனர். காட்டிலிருந்து எடுத்தும் ஏரியில் பிடித்தும் பிழைத்தவர்கள். 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் உடைமையாளருக்கு இழப்பீடு தரச் சொன்னது. எடுத்துப் பிழைக்கும் உரிமைக்கு அந்தச் சட்டத்தில் அளவுகோல் இருக்கவில்லை. கட்டாய நில எடுப்புக்கு எதிராக இந்தியாவில் மிகக் கூர்மையாகப் பேசிய கட்சி சுதந்திராக் கட்சி. அதன் முதல் தலைவர் என். ஜி. ரங்கா ஆந்திரத்துக்காரர், விவசாயிகளின் தலைவர். அவர்கள் கட்டிய வாதம் பட்டாவிலிருந்து தொடங்கியதால், பட்டாவே இல்லாத ஒரு தீவுக்கு அது போய்ச் சேர வழியில்லை.

ஏவுதளத்தின் பயனை மறுப்பவர் யாருமில்லை. புயல் வருகிறது என்று இன்று மீனவருக்கு முன்கூட்டியே சொல்ல உதவும் செயற்கைக்கோள்களும் அங்கிருந்து ஏறியவைதாம். ஏவுதல் நாளில், ஏரியின் தென்முனையிலுள்ள குப்பங்களுக்கு அறிவிப்பு வருகிறது. குறிப்பிட்ட நேரம் வரை யாரும் அந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது. படகுகள் கரையில் கிடக்கின்றன. அந்த நாளின் மீன்பாடு எவர் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு 1971இல் விதி இருக்கவில்லை.